மற்றவர் தொண்டைக்கு வைத்த நேர்த்தி

எனக்கு எழுபத்தைந்து வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; பிறகு மகளின் மகளையும் நானே வளர்த்தேன். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், அவசரப்பட மாட்டேன். இத்தாலியில் இந்தப் பலெர்மோ நகரில் நான் துடைக்காத மாடிப்படி குறைவு. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கடைசியாக நான் வேலைக்குப் போன வீடு வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். வாடகைக்கு வந்திருந்தவர் ஓர் அமெரிக்கப் பெண். ஐம்பது தாண்டியிருக்கும், மெலிந்த உடம்பு. அவருடைய அம்மாவின் அம்மா இந்த ஊர்க்காரியாம். தொண்டைக்குள் இருந்த ஒரு சின்னக் கட்டியை வெட்டியிருந்தார்கள். வாய் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சொல்ல வேண்டியதைப் போனில் எழுதுவார். போன் அதை இத்தாலிய மொழியில், செய்தி வாசிக்கும் ஆம்பிளைக் குரலில் உரக்கச் சொல்லும். “சினியோரா, ஜன்னலைத் திறவுங்கள்” என்று ஓர் ஆம்பிளை கட்டளையிடுவான். திரும்பினால் இவர் நிற்பார். நான் அவரை மரியாதையாகச் சினியோரா, அம்மணி, என்பேன். அவரும் என்னைச் சினியோரா என்பார். வேலை செய்த வீடுகளில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் வேறு ஒருவரும் இல்லை.

இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத மனுசி. நான் துடைத்த ஈரம் காயுமுன் அதன் மேல் நடப்பார். காலையில் ஜன்னலோரம் நின்ற மேசை மத்தியானம் குசினி வாசலில் நிற்கும். கீழே ஸ்கூட்டர், கடைக்காரரின் கூவல், வாசலில் நின்று சண்டை பிடிக்கிறவர்கள். வாய் மூடாத ஊரில் அவர் ஒருவருக்குத்தான் வாய்ப்பூட்டு. வேலை செய்யும்போது முணுமுணுத்துப் பாடுவது என் பழக்கம். அந்த வீட்டில் அதையும் விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது.

பேத்திதான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள்.

“அம்மம்மா, உவ ஆரெண்டு தெரியுமே? அமெரிக்காவில பெரிய ரொக் பாட்டுக்காரி.”

பாட்டோடு ஓடும் படத்தைக் காட்டினாள். இளம்பெண் ஒருத்தி நனைந்த தலைமயிரோடு மைக்கைக் கடித்து விழுங்குகிற மாதிரி நின்றாள்.

“இது பாட்டோ பிள்ளை, சண்டையோ?”

“ரெண்டும்தான். அல்டர்நேட்டிவ் எண்டு சொல்லுவினம். வடிவாப் பாடச் சொன்னா வேணுமெண்டே கரகரப்பாப் பாடுற ஆக்கள்.”

“சொன்னதுக்கு மாறாச் செய்யிறதெண்டால் உன்ர கொம்மாவும் அதுதான்.”

அவள் வாசித்துச் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான். தகப்பன் வேலை செய்த ஆலை மூடிப்போன குளிர் ஊர் ஒன்றில் பிறந்தவர். கார் நிறுத்தும் கொட்டிலில் மூன்று பெடியன்களோடு பாடத் தொடங்கி, பழைய வான் ஒன்றில் படுத்தெழும்பி ஊர் ஊராகப் பாடினார். ஒரு பாட்டு உலகமெல்லாம் ஓடியது. அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று இசைத்தட்டு வெளியிட்ட கம்பனி கேட்க, இவர் ஒருவருக்கும் பிடிக்காத மாதிரி ஒன்றைப் பாடிக் கொடுத்தார். குழு உடைந்தது. நெடுங்காலம் ஆளைத் தேடுவாரில்லை. இப்போது இளசுகள் அந்த ஒரு பாட்டைத் திரும்பக் கிண்டி எடுத்ததால், பழைய குழு மறுபடி சேர்ந்து ஊர் சுற்ற வேண்டும் என்கிறது.

டாக்டர் சொன்ன காலம் முடிந்தது. பேசலாம், மெல்லப் பாடிப் பார்க்கலாம் என்றார்கள். அவர் பேசினார், பாடவில்லை. ஜன்னலில் நின்று வாயைத் திறப்பார். மூடிவிட்டுப் போய் மேசையை இழுப்பார். குழுக்காரர் போன் எடுத்தபடி இருந்தார்கள். வருகிறாயா இல்லையா என்ற பதிலை அடுத்த கிழமைக்குள் சொல்ல வேண்டும். குரல் இருக்கிறதா என்று தெரியாமல் எதைச் சொல்வது?

ஞாயிறு காலையில் இந்த ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனம் பெல்லெக்ரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறும். மேலே குகைக் கோயிலில் இருக்கும் புனித அம்மா கிறிஸ்தவ வேதக்காரருடையவ என்றாலும், சைவக்காரர் நாங்களும் அவவிடம்தான் விசாவும் கேட்போம், பிள்ளையும் கேட்போம். அந்த ஞாயிறு நான் நேர்த்திக்கடன் வைத்தேன்: இந்த மனுசிக்குக் குரலைக் கொடு, கூட்டிவந்து உன் வாசலில் பாட வைக்கிறேன்.

பேத்திக்குச் சொன்னதும் தலையில் கை வைத்தாள்.

“அம்மம்மா, உங்கட முழங்காலுக்கு நேர்த்தி வையுங்கோ. மற்றவையின்ர தொண்டையை ஏன் அடகு வைக்கிறியள்?”

“உன்னட்டைக் கேட்டோ உனக்கு மொட்டை அடிச்சது?”

“எனக்கு அப்ப ஒரு வயசு.”

“இப்ப மயிர் வளரேல்லையோ?”

முணுமுணுத்துக்கொண்டே என்னோடு வந்து அவருக்கு விளங்கப்படுத்தினாள். அவர் கேட்டார், முகம் இறுகியது. போனை எடுக்காமல் தன் வாயாலேயே இங்கிலீசில் சொன்னார். பேத்தி தயங்கித் தயங்கித் தமிழாக்கினாள்.

“தன்ர தொண்டையைக் காட்டி எல்லாரும் ஆருக்கோ வாக்குக் குடுத்தவையாம். கம்பனி, குழு எல்லாரும். இப்ப நீங்களுமாம்.”

எனக்கும் ரோசம் இருக்கிறது. “வர வேண்டாமெண்டு சொல்லு. நேர்த்தி வைச்ச நானே பாடித் தீர்ப்பன்.”

அடுத்த ஞாயிறு விடியப் பேத்தியோடு மலையடிக்குப் போனேன். அவர் அங்கே நின்றார், கையில் சப்பாத்து. நானும் சப்பாத்தைக் கழற்றி ஏறத் தொடங்கினேன். வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினேன். அவர் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தபடி காத்திருந்தார்.

குகை வாசற்படியில் எங்கள் பெண்கள் வழமைபோல் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடித்ததும் நான் எழுந்து நின்றேன். நாலு பேர் முன்னால் ஒருநாளும் பாடியதில்லை. அம்மன் பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். இரண்டாம் அடியிலேயே குரல் எங்கோ வழுக்கிப் போனது. பெண்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். நான் நிறுத்தவில்லை.

அவருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு பாட்டுக்காரியால் சுருதி விலகுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சொல் இல்லாமல், அடித்தொண்டையிலிருந்து ஒரு சுரத்தை எடுத்து என் பாட்டுக்குக் கீழே பிடித்தார். அதைப் பற்றிக்கொண்டு நான் திரும்ப ஏறினேன். படத்தில் கேட்ட குரல் இல்லை அது. ஒரு மாடி கீழே இறங்கிய குரல், கல்லில் கல் உரசுகிற மாதிரி. ஆனாலும் அசையாமல் நின்றது. பாட்டு முடிந்த பிறகும் விடவில்லை. மூச்சு முடியும் மட்டும் பிடித்திருந்தார். பிறகு படியில் அமர்ந்து தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இறங்கும் வழியில் நின்று குழுக்காரருக்குப் போன் எடுத்தார். வருகிறேன், ஆனால் அந்தப் பாட்டை இனிப் பழைய உயரத்தில் பாட மாட்டேன், இப்போதுள்ள குரலுக்கு இறக்கித்தான் பாடுவேன் என்றாராம். பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் மேசை ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைசியில் ஓம், சரி என்றார்கள். மேளக்காரர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். வேறு ஆள் பிடித்தார்கள்.

இப்போது எங்கெங்கோ பாடுகிறார். குரல் போய்விட்டது என்று போனில் சிலர் எழுதுகிறார்களாம். எழுதட்டும். நான் இப்போது வீட்டில் முணுமுணுக்கும்போதும் பாட்டைக் கொஞ்சம் இறக்கித்தான் எடுக்கிறேன்.

ஆனால் நேர்த்தி தீர்ந்ததா என்பதில் பேத்திக்கும் எனக்கும் இன்னும் பிடுங்குப்பாடு.

“பாடினது நீங்கள். அவ சேர்ந்தது மட்டும்.”

“அம்மாவின்ர வாசல்லதானே வாய் திறந்தவ?”

“அப்ப ஏன் யோசிக்கிறியள்?”

யோசித்துத்தான் இவ்வளவையும் எழுதினேன். இஞ்சை வா பிள்ளை, இதில இரு. முதல்ல இருந்து வாசி. அவ சுரம் பிடிச்ச இடம் வந்தால் மெதுவா வாசி, நான் கேட்டுப் பார்க்கிறன்.