பிள்ளையாருக்குப் போட்ட டோக்கன்

ஆஸ்பத்திரிச் சுவரில் சிவப்பு எண்கள் மாறும் டோக்கன் பலகையைப் பார்த்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது. அப்படி ஒரு பலகைக்கு நிரல் எழுதியவர் எங்கள் டீம் லீடர். ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பேர் வேலை செய்தோம். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதுவார்; நிரலைச் சோதித்து ஏற்கும் அதன் கம்பைலர் ரொம்பக் கறார். யாராவது குறை சொன்னால், "கம்பைலரே ஒத்துக்கிச்சு, உனக்கென்னடா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

பலகையை முதலில் வாங்கியவர் ஒரு பல் டாக்டர். தினமும் சாமி கும்பிட்டுவிட்டு முதல் டோக்கனைப் பிள்ளையார் பேரில் போடுவார். பிள்ளையாரைப் பலகை உள்ளே கூப்பிடக் கூடாதல்லவா? டோக்கன்களை அடுக்கிவைக்கும் அர்ரே என்ற பட்டியலில் முதல் இடத்துக்கு எண் பூஜ்ஜியம். அண்ணா அதைத் தாண்டி, இரண்டாவது டோக்கன் இருக்கும் ஒன்றாம் இடத்திலிருந்து கூப்பிடும் சுற்று தொடங்கும்படி எழுதினார். விழுந்து விழுந்து சிரித்தோம். காரணத்தை நிரலில் ஒரு வரி குறித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அதே நிரலைக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டோம். முதல் நாள் நானும் அண்ணாவும் போனபோது பலகை பாதி வரிசையைக் கூப்பிட்டு முடித்திருந்தது. ஒரு பெண் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"ஃபர்ஸ்ட் பஸ்ஸுலயே வந்துட்டேன் சார். ஒன்னாம் நம்பரு. இன்னும் கூப்புடல."

"ஒன்னு எப்பவோ போயிடுச்சும்மா. நீதான் கவனிக்கல. மெஷின் தப்பு பண்ணாது. போய் உக்காரு, கடைசில பாப்பாங்க" என்றார் அண்ணா.

அந்தப் பெண் போய் உட்கார்ந்தார். அங்கேயே குழந்தைக்கு வலிப்பு வந்தது. நர்ஸ் வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அண்ணா லேப்டாப்பைத் திறந்தார். பலகை கூப்பிட்ட எண்களில் ஒன்றாம் நம்பர் இல்லவே இல்லை. பிள்ளையார் நினைவு இருவருக்கும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கமாக இருந்தது. சுற்று எந்த இடத்தையும் தாண்டாதபடி அவர் மாற்றி எழுதினார். ஒரு நிமிட வேலைதான்.

மாலையில் குழந்தை கண் விழித்தது. வார்டுக்குப் போனோம். "தப்பு எங்களோடதும்மா. மெஷின் உங்கள கூப்புடவே இல்ல" என்றார் அண்ணா.

அந்த அம்மா பதறி எழுந்தார். "ஐயோ, நான்தான் சார் கவனிக்காம உட்டுட்டேன். நீங்க அப்பவே சொன்னீங்களே."

அண்ணா மறுபடியும் சொன்னார். அந்த அம்மா நம்பவில்லை.

அண்ணா இப்போது வெளிநாட்டில். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். தன் கவனக்குறைவால்தான் பிள்ளைக்கு வலிப்பு வந்தது என்று அந்த அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.