சாமுண்டீஸ்வரி எரித்துப் பார்த்த எஃகு

தொண்டூரில் பிறந்த சாமுண்டீஸ்வரி வேதியியல் படித்தவள். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த மறுவருடமே, திண்டிவனம் சாலையில் ஒரு சிறிய எஃகு வார்ப்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. கணவன் பச்சைமுத்துவும் அங்கேதான், துளை போடும் மெஷினில் இருந்தான். ஒவ்வொரு முறை உருக்கிய எஃகிலிருந்தும் எடுத்த துண்டை, பிட்டு என்னும் துளைக்கம்பியால் துளைத்து, விழும் துருவலைக் கொடுத்தனுப்புவான். அவள் அதை எடை போட்டு, பழுக்கக் காய்ந்த குழாய்க்குள் தள்ளி, ஆக்சிஜன் விட்டு எரிப்பாள். எஃகிலுள்ள கரி, அதாவது கார்பன், வாயுவாக வெளிவரும். அந்த வாயுவை அளந்தால் கரி எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்.

போன தை மாதம் டிராக்டர் டிரெய்லருக்கான கொக்கிகள் வார்த்தார்கள். கரி கூடிப்போனால் கொக்கி வளையாது, பட்டென்று உடையும். கரும்பு லோடு நடுரோட்டில் கழன்று நிற்கும். அன்று அவளுக்கு அளவு மிகக் கூடுதலாக வந்தது. அதே துருவலில் இன்னொரு பங்கை எரித்தாள்; இன்னும் கூடியது. இரண்டும் ஒத்துப்போகாததுதான் அவளை உறுத்தியது.

கொக்கிகளைத் திரும்ப உலையில் போட்டுவிடலாம் என்றார் சூப்பர்வைசர் ஆனந்தராஜ். அவள் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மீதித் துருவலை வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தினாள். தாளில் எண்ணெய்க் கறை படிந்தது. எண்ணெய் எரிந்தாலும் அதே வாயுதான் வரும்.

மெஷின் ஓரமாகப் போய் நின்று, கணவனிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பிட்டு மாத்தினீங்களா?"

"காலைல புதுசு போட்டேன். இன்னா, பழிய என் மேல போடுறியா?"

"பழி இல்லீங்க. புதுசுல எண்ணெ தடவி வருதே, தொடச்சீங்களா?"

அவன் பிட்டைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவி, வேறு துருவல் எடுத்துக் கொடுத்தான். இம்முறை கரி இருக்கவேண்டிய அளவில் இருந்தது. அவன் பெயரைச் சொல்லாமல் ரிப்போர்ட் கொடுக்கத்தான் அவள் நினைத்திருந்தாள். அதற்குள் அவனே ஆனந்தராஜிடம் போய், "தப்பு என்னுது சார், எண்ணெயோட தொளச்சிட்டேன்," என்றான். அவர் திட்டவில்லை. இன்னொரு துண்டையும் சோதிக்கச் சொல்லி, அதுவும் சரியாக வந்தபின் கொக்கிகளை அனுப்பினார்.

மாலையில் இருவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டு அருகே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்.

"உலைல கோளாறுனு எழுதிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சந்தேகம் வந்தப்புறம் எப்டி எழுதித் தர்றது?"

அவன் தலையாட்டினான். மறுநாள் சோதனைத் துண்டுக்கென்றே ஒரு பிட்டைத் தனியாக எடுத்து வைத்தான். யார் கேட்டாலும் அதைத் தருவதில்லை.