நிறுத்துப் போட்ட சோறு

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஜப்பானில், கடலோரத்துச் சிறிய ஊர் ஒன்றில் இருக்கிறது. அங்கே மதிய உணவுக்கூடத்தில் சோறு போடும் அம்மாள் கிண்ணத்தை ஒரு சின்னத் தராசின் மேல் வைத்துத்தான் போடுவார். நூற்றைம்பது கிராம் வந்ததும் கை நின்றுவிடும். கொஞ்சம் கூடிவிட்டால் கரண்டி நுனியால் திரும்ப எடுத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து போனவன். நெல்லை மூட்டையாக நிறுப்போம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து இன்னொரு தடவை நிறுப்பார்கள். வெந்த சோற்றை யாரும் நிறுத்து நான் கண்டதில்லை. மருந்துக்கடையில் சாப்பிட உட்கார்ந்ததுபோல இருந்தது.

முதல் மாதம் அரைப்பட்டினி. ஜப்பான்காரர்கள் கஞ்சர்கள் என்று ஊரில் எல்லாருக்கும் போன் செய்து சொன்னேன். உண்மையான காரணம் என் மொழியறிவு. அந்த அம்மாள் தினமும் "ஒமோரி?" என்று கேட்பார். குவித்துப் போடட்டுமா என்று பொருள். நானும் முகம் மலர "தைஜோபு" என்பேன். அதற்கு 'சரி, பரவாயில்லை' என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த இடத்தில் அப்படிச் சொன்னால் 'வேண்டாம், இதுவே போதும்' என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். ஒரு மாதம் முழுக்கப் பசியோடு, பணிவாக, நானே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள் "ஹை, ஒமோரி" என்று சொல்லிப் பழிதீர்த்தேன்.

பழிதீர்த்தது இடுப்பில் தெரிந்தது. இங்கே கம்பெனிகளில் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை உண்டு. நாடா வைத்து இடுப்பையும் அளப்பார்கள். போன ஆண்டு நர்ஸ் நாடாவில் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டாவது தடவையும் அளந்தார். ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று சொல்லி என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் பெயர் யோஷிதா. மரியாதைக்கு 'சான்' சேர்த்து யோஷிதா-சான் என்போம். இளம்பெண், மிகவும் மரியாதையானவர்.

"உங்கள் ஊரில் ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு?" என்று கேட்டார்.

"போதும் என்று சொல்லும் வரை."

"யார் சொல்லும் வரை?"

"சாப்பிடுகிறவர் சொல்லுவார். பரிமாறுகிறவர் கேட்கமாட்டார்."

அதையும் எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் பரிமாறுகிறவர்களுக்குக் காது மந்தம் என்று குறித்தாரோ என்னவோ. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு வேளையும் தட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கிண்ணத்தில் அளவான சோறு, பக்கத்தில் கீரை, ஒரு துண்டு மீன். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. படமெடுத்த பிறகு இரண்டாவது தடவை போட்டுக்கொண்டதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாத முடிவில் இரண்டு கிலோ கூடியிருந்தேன். யோஷிதா-சான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு, தன் ஆலோசனையில்தான் தவறு இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி, எழுந்து நின்று தலை குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குப் பிறகுதான் நிஜமாகவே ஒரு கிண்ணத்தோடு எழுந்திருக்கப் பழகினேன்.

இந்தத் தையில், சம்பா அறுப்பு நடக்கும்போது ஊருக்குப் போனேன். மூன்று கிலோ குறைந்திருந்தது. ஊரே கவனிக்கும் என்று எதிர்பார்த்தேன். கவனித்தது அண்ணி லூர்து மேரி மட்டும்தான். "என்ன தம்பி, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

மதியம் அண்ணன் சவரிராஜ் வயலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். அப்போதுதான் பார்த்தேன். வலது காலில் கட்டைவிரல் இல்லை. மண்வெட்டி பட்டுக் காயம் என்றுதான் போனில் சொல்லியிருந்தார்கள். "புண்ணு ஆறலடா. சுகர். தஞ்சாவூர்ல எடுத்துட்டாங்க," என்றார், பஸ் தவறிப்போனதைச் சொல்வதுபோல. மேலே கேட்பதற்குள் இலை போட்டாகிவிட்டது.

அண்ணி அவர் இலையில் சோற்றைக் குவித்துவிட்டு என்னிடம் வந்தார். ஒரு கரண்டி விழுந்ததும், "போதும் அண்ணி," என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நம்ம வயல் அரிசி தம்பி. கொழம்பு புடிக்கலையா?"

குழம்புக்குப் பழி வரக்கூடாது என்று பிரசங்கத்தைத் தொடங்கினேன். முதலில் காய், அப்புறம் சோறு, அதுவும் ஒரு கை அளவு, மெதுவாக மெல்ல வேண்டும் என்றெல்லாம் யோஷிதா-சானின் குரலிலேயே சொன்னேன். "ஒங்களுக்கும் டாக்டர் இதத்தானே சொல்லியிருப்பாரு அண்ணே?" என்று முடித்தேன். அண்ணன் கண்ணைக் காட்டினார். ஆமோதிக்கிறார் என்று நினைத்து இன்னும் விரிவாக விளக்கினேன். அவர் சொன்னது, வாயை மூடு என்று. வெளிநாட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் இது நேர்ந்திருக்கலாம். அடுத்த நாட்டுப் பாஷையைக் கற்றுக்கொள்கிற அவசரத்தில் சொந்த அண்ணன் கண் சொல்வது புரியாமல் போயிருந்தது.

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "ஏங்க, டாக்டர் சோத்தக் கொறைக்கச் சொன்னாரா?"

அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே, "சொன்னாரு," என்றார்.

"மாத்திரைய ஒழுங்காப் போட்டா எப்பவும்போல சாப்புடலாம்னு சொன்னதா சொன்னீங்களே."

"நீ ஆசையாப் போடுற. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"இத்தனை நாளும் என் கையாலயே போட்டிருக்கேனே," என்றார் அண்ணி. அழவில்லை. உள்ளே போய்விட்டார்.

"கண்ணக் காட்டுறேன், நீ பாட்டுக்குப் பேசுறியேடா," என்றார் அண்ணன். அதற்குமேல் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் மனம் கேட்காமல் கடைத்தெருவுக்குப் போய், அளவுச் சாப்பாட்டுப் பிரசங்கி நான்கு பரோட்டா சாப்பிட்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மதியம் அண்ணி கீரையும் அவரைக்காயும் நிறைய வைத்தார். பிறகு ஆளுக்கு ஒரு கரண்டி சோறு. அண்ணன் அதை முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு மேரி."

"போதும்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பரிமாறுகிறவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அண்ணன் என்னை முறைத்தார். ஆனால் இலையை மடித்துவிட்டு எழுந்தார். நான் கிளம்புவதற்குள் அண்ணனுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. புது மாத்திரை நல்லா வேலை செய்யுது என்றார் அண்ணன். அண்ணி மறுத்துப் பேசவில்லை, கரண்டிக் கணக்கை மாற்றவும் இல்லை.

திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை. உணவுக்கூடத்தில் சாப்பிட்டு முடித்ததும் என் வலது கை தானாக எழுந்து கிண்ணத்தின் மேல் விரிந்து நின்றது. மறுசோறு கொண்டு வருகிறவரை இலைக்கு மேல் கையை விரித்துத் தடுப்போமே, அப்படி. கரண்டியோடு யாரும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த, என்னோடு வேலை பார்க்கும் மொரிதா-சான் ஜன்னலுக்கு வெளியே விழும் பனியையும் என் கையையும் பார்த்துவிட்டு, "சமுய்?" என்றார். குளிருகிறதா என்று கேட்கிறார்.

ஆமாம் என்றேன். கிண்ணத்தில் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கையை எடுக்கவில்லை.