அத்தை ஏறி நின்ற எஞ்சின்

என் ஜீப் மன்னவனூர் ஏற்றத்தில் படுத்துவிட்டது. முதலில் கறுப்பாகப் புகை வந்தது, பிறகு உள்ளே எதுவோ 'டொக்' என்றது, அவ்வளவுதான். பின்னால் காரட் மூட்டைகள். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்த வண்டியைத் திட்டித் தீர்த்தேன்.

அந்த ஜீப்தான் என் பிழைப்பு. மேல்மலைக் கிராமங்களில் காய்கறி வாங்கி வந்து கொடைக்கானல் லாட்ஜுகளுக்குப் போடுகிறேன். வண்டி இல்லையென்றால் அட்டுவம்பட்டி வீட்டில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நல்ல முகம்தான். ஆனால் நாள் முழுக்கப் பார்க்கிற முகம் இல்லை.

அவர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். "பழனில ஒருத்தர் பழைய ஜீப் கேட்டுக்கிட்டே இருக்காரு. பங்குனி உத்திரக் கூட்டம் முடிஞ்சதும் வரச் சொல்றேன். அதுக்குள்ள ஓடுச்சுன்னா வச்சுக்க. இல்லைன்னா தள்ளிவிட்டுருவோம்."

எங்களோடு இருக்கும் என் மாமியார், அத்தை, அதற்கு மேல் ஒரு படி போனார். "அதென்ன விக்கிறது? இரும்புக்குப் போடு. வாசல்ல பொணம் மாதிரி கெடக்கு."

மெக்கானிக்கிடம் ஓடினேன். "சீசனுக்கு முன்னாடி டாக்ஸி எல்லாம் வரிசையா நிக்குதுக்கா. வைகாசிக்கு மேல பாப்போம்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீங்க பாக்க வேணாம், நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

எஞ்சினைக் கழற்றிப் பழனி லேத்துக்கு அனுப்பினேன். காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்பும் லாரி ஒன்றில் அது ஷார்ட் பிளாக்காக வந்து இறங்கியது. அதாவது கிராங்கும் பிஸ்டனும் மட்டும் பூட்டிய அடி உடம்பு. தலை இல்லாத முண்டம் என்றும் சொல்லலாம். வால்வு வேலை முடியாததால் ஹெட், அதாவது அந்தத் தலை, பிறகு வரும் என்றார்கள். அதற்கு மேல் எல்லாம் என் பாடு. கைபேசியில் வீடியோ, தரையில் கோணி, மடியில் ஸ்பேனர்.

எங்கே வைத்துப் பூட்டுவது? வாசலில் வைத்தால் பனி இறங்கித் துரு ஏறிவிடும். வீட்டில் காய்ந்து கிடக்கிற ஒரே இடம் விறகடுப்பு எரியும் சமையலறைதான். அங்கேதான் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் அந்த அறைக்கு ஏற்கெனவே ஒரு முதலாளி உண்டு. அத்தையின் ஊரான கிளாவரையிலிருந்து அவர் தம்பி அனுப்புகிற விதைப் பூண்டு, கொத்துக் கொத்தாக விட்டத்தில் தொங்கும். அடுப்புப் புகை பட்டால்தான் பூச்சி அண்டாது. அத்தை தினமும் அதைத் தடவிப் பார்ப்பார், சொத்தையை உருவுவார், கொத்தை இடம் மாற்றுவார்.

ஆயில் பம்பைப் பூட்டினேன். அடியில் ஆயில் தொட்டியை மாட்டி பிளாக்கை நிமிர்த்தி வைத்தேன். ஹெட் வரும்வரை மேலே ஆயில் வடிகிற ஓட்டைகளெல்லாம் திறந்துதான் கிடக்கும், தூசி விழக் கூடாது என்று கையில் கிடைத்த வேட்டியை எடுத்து மூடினேன். அது என் வீட்டுக்காரர் பழனிக்குப் பாதயாத்திரை போன காவி வேட்டி. எஞ்சினுக்கு முருகன் காவல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெட் வந்தது. மூடியிருந்த வேட்டியை எடுத்தால் பிஸ்டன் மேல் ஒன்றிரண்டு பூண்டுத் தொலி கிடந்தது. பூண்டு வீட்டில் தொலி பறக்காமல் தங்கமா பறக்கும்? துடைத்துவிட்டு ஹெட்டைப் பூட்டினேன். தெருவில் சாமி சப்பரம் தூக்குகிற ஆட்களைக் கூப்பிட்டு, மூங்கில் கட்டி, எஞ்சினை ஜீப்புக்குக் கொண்டுபோனோம். வாசற்படி தாண்டும்போது ஒருவர் பழக்கதோஷத்தில் "அரோகரா!" என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டுக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

பழனிக்காரர் மறுநாள் வருவதாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! தெருவே கைதட்டியது. ஆனால் ஆயில் மீட்டரின் முள் எழும்பவில்லை. ஆயில் ஏறாமல் ஓடினால் புது பேரிங் எல்லாம் தீய்ந்துபோகும். அலறி அடித்து நிறுத்தினேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். என் கையில் ஸ்பேனர் இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலை வடித்தேன். பூண்டு ஊறுகாய் வாசனை வந்தது. தொட்டியைக் கழற்றினால், ஆயில் உறிஞ்சும் சல்லடை நிறையப் பூண்டுத் தொலி. பேச்சுத்துணைக்கு இரண்டு முழுப் பற்கள்.

சல்லடையைக் கொண்டுபோய் அத்தை முன்னால் நீட்டினேன். "இது எப்படி உள்ள போச்சு?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "விட்டம் எனக்கு எட்டாது, முக்காலி ஆடுது. அந்த இரும்பு தோதா இருந்துச்சு, ஏறி நின்னேன். ஆடும்னு பாத்தேன், ஆடல. நல்ல கனம்."

"நான் துணி போட்டு மூடித்தானே வச்சேன்?"

"சாமி வேட்டிய மிதிக்கச் சொல்றியா? எடுத்து மடிச்சு வச்சுட்டுத்தான் ஏறுனேன். எறங்குனதும் மறுபடி மூடிட்டேன்."

பக்தியில் ஒரு குறையும் இல்லை. எஞ்சின்தான் போயிற்று. நான் கத்தப்போனேன். அதற்குள் அவர் சல்லடையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "குடு இங்க. பூண்டு உரிக்கிறது என் சோலி. நீ போயி மத்ததக் கழுவு, வெரசா." ஊசியால் ஒவ்வொரு தொலியாக அவர் எடுக்க, நான் தொட்டியை டீசலில் கழுவினேன். இருட்டுவதற்குள் பூட்டி முடித்தேன்.

மறுநாள் பழனிக்காரர் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்து சேர்ந்தார். வண்டியை எடுத்தேன். முள் எழும்பி நின்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எஞ்சின் பூ மாதிரி ஓடுதுங்க" என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "நல்லா ஓடுறப்பவே குடுத்துட்டா நல்ல வெல வரும்ல?" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஓடினால் எனக்கு என்று சொன்ன மனுஷன் இவர்தானா? நான் வாய் திறப்பதற்குள் ஜீப்பின் முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அத்தை முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, மடியில் மஞ்சப்பை.

"ஏலே, வண்டிய யாருக்கும் குடுக்க முடியாதுன்னு அவர்ட்ட சொல்லு. பஸ்ஸுல ஏறுனா பூம்பாறை தாண்டுறதுக்குள்ள எனக்குக் கொடலு வாய்க்கு வந்துருது. இது படுத்ததுலருந்து நான் எங்க ஊரு மண்ண மிதிக்கல. ஆத்தா, ஊருக்குப் போகணுமான்னு ஒரு வார்த்த கேட்டியாலே?"

பழனிக்காரர் பஞ்சாமிர்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு, நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

மலைப்பாதையில் ஏறும்போது கேட்டேன். "இரும்புக்குப் போடச் சொன்னது நீங்கதானே அத்த?"

"ஆமா. ஓடாத வண்டி தெனமும் வாசல்ல நின்னுக்கிட்டு, ஊருக்கு வாறியான்னு கேக்குற மாதிரியே இருந்துச்சு. கண்ணுல படாம இருக்கட்டும்னுதான் சொன்னேன்."

என் பிழைப்பு போச்சே என்று நான் போட்ட கூப்பாட்டில், அந்த வீட்டில் இன்னொருத்தியும் அதே வண்டிக்காக ஏங்கிக் கிடந்தது எனக்குத் தெரியவே இல்லை.

கிளாவரையில் இறங்கியதும் சனம் கூடிவிட்டது. அத்தை சீட்டைவிட்டு இறங்காமலே எல்லோருக்கும் சொன்னார்: "இந்த எஞ்சின நானும் எம் மருமகளும் சேந்து கட்டுனோம்." வேறு நாளாக இருந்தால் அங்கேயே மறுத்துச் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். கண் கலங்கியது. புகை பட்டது என்று சமாளிக்கலாம் என்றால், அந்த எஞ்சின் துளிப் புகைகூட விடவில்லை.