சகலன் மகனின் ஓட்டமும் என் பெருவிரலும்

போன மாசி மாதம். லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பார்க்கில் இது தொடங்கியது. புல்லெல்லாம் பனியில் வெள்ளை பூத்துக் கிடந்த காலம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஏழாம் வகுப்பு. லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் செய்தவன். இன்று மூன்று கடைகள் என் சொந்தத்தில் இருக்கின்றன. கடன் தர மாட்டோம் என்று சொன்ன வங்கி மனேஜர் பிறகு என் கடைக்கே வந்து, கை கொடுத்து, பிளேன் டீ குடித்துவிட்டுப் போனார். யாருடைய தயவிலும் நான் வளரவில்லை. இந்தக் கட்டுரையில்கூட எழுத்துப்பிழை திருத்தியது மட்டும்தான் மகள், மற்றதெல்லாம் நான்.

இப்படிப்பட்ட எனக்கு ஒரு சகலன் இருக்கிறார். மனைவியின் தங்கையின் கணவர். படித்தவர், எஞ்சினியர், கழுத்தில் டை கட்டி வேலைக்குப் போகிறவர். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. அவருடைய வீட்டைவிட என் வீடு பெரிது. என் வயிற்றில் நெருப்பு வைத்தது அவருடைய மகன்.

பெடியன் ஆறடிக்கு மேல் உயரம். பள்ளிக்கூடத்தில் றக்பி விளையாடி, அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி அவனைக் கூப்பிட்டுப் படிப்பையும் இலவசமாகக் கொடுத்தது. அங்கே அவன் விளையாடியது அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குப் பெயர் கால்பந்து! நான் இதைச் சொல்லிச் சிரித்தால் ஒருவரும் சிரிப்பதில்லை. எல்லோரும் அவனுடைய வீடியோவைத்தான் பார்ப்பார்கள்.

வெம்பிளியில் ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித விழா. அங்கே வைத்த சோற்றுக்கு அரிசி என் கடையிலிருந்துதான் போனது. மண்டபத்தில் பாதிப்பேர் சகலனைச் சுற்றி நிற்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள் அந்த அமெரிக்கப் பெடியன்ர பெரியப்பாவோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? கிழக்கு லண்டனில் கடைக்கார அண்ணை என்றால் தெரியாத ஆள் இல்லை. அன்றைக்கு நான் யாரோ ஒருவனுடைய பெரியப்பா. என் மகனும் நல்ல பிள்ளைதான், கணக்காளன். ஆனால் கணக்காளனைச் சுற்றி நின்று ஒருவரும் படம் எடுப்பதில்லையே.

அந்த மாசியில் பெடியன் படிப்பு முடிகிற கட்டத்தில் லண்டனுக்கு வந்தான். இனி அமெரிக்காவின் பெரிய அணிகள் கல்லூரிப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற நாள் வரப்போகிறது. ஆனால் அவன் படித்த சின்னக் கல்லூரிப் பக்கம் பெரிய அணிக்காரர் எட்டியும் பார்ப்பதில்லை. அவனைப் போன்றவர்களுக்காக லண்டனில் ஒரு சோதனை நாள் வைக்கிறார்களாம். பாரம் தூக்க வேண்டும், பாய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்பது யார், அதாவது முப்பத்தாறரை மீற்றர் தூரம், ஓட வேண்டும். சகலன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"நாலரைச் செக்கனுக்குக் கீழ ஓடினானெண்டால் போன் வரும் அண்ணை. மேல போனானெண்டால் நாலு வருசம் விளையாடினதை ஒருத்தரும் திரும்பிப் பாராங்கள். அவ்வளவுதான்."

"நாலரைச் செக்கனுக்கோ இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றேன் நான். ஆனால் மனதுக்குள் அந்த நாலரை போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பார்க்கில் பெடியன் ஓடினான். தகப்பன் ஸ்டொப்வாட்ச் பிடித்தார். நாலரைக்கு நன்றாகக் கீழே! வீட்டுக்கு வர முதலே இலக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கனடாவில் இருந்தெல்லாம் கைதட்டுகிற படங்கள் வந்து விழுந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"தாரும் பாப்பம், நானும் ஒருக்கா அமத்திறன்" என்று மணிக்கூட்டை வாங்கி, பெடியனைத் திரும்ப ஓடச் சொன்னேன்.

எப்படி அமத்தினேன் என்று சொல்ல வேண்டும். குனிந்து நிற்கிறவனுடைய கை நிலத்தை விட்டு ஒரு மயிரளவு அசைந்த உடனே அமத்தினேன். அவனுடைய மார்பு கோட்டைக் கடக்கும்வரை பெருவிரலை அசையாமல் வைத்திருந்து, கடந்ததை என் கண் ஒப்புக்கொண்ட பிறகுதான் திரும்ப அமத்தினேன். ஒரு சொட்டு நேரமும் அவனுக்கு இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நாலரைக்கு மேலே காட்டியது. நல்லாய் மேலே.

சகலன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணை, கடைக்காரரின்ர விரல் காசைப் பிடிக்கிற மாதிரி நேரத்தையும் விடாமல் பிடிக்குது!"

"உம்மட விரல் பாசத்தில வழுக்குது" என்றேன் நானும். பெடியன் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அன்று பின்னேரம் போன் வந்தது. "பெரியப்பா, நாளைக்கு மோர்னிங் ஃப்ரீயா? நீங்கள் மட்டும் வாங்கோ. அப்பா வேண்டாம்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பெற்ற மகனுக்கே தகப்பனுடைய அலட்டல் அலுத்துவிட்டது என்று நினைத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு பார்க்குக்குப் போனேன். மனைவி சமையலறையில் நின்று, "இஞ்சருங்கோ, கடையில ஆளில்லையாம், நீங்கள் என்ன அமெரிக்கன் கோச்சோ?" என்று கேட்பாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவேன். அந்தக் காலை நேரத்தில் நாலரைக்கு மேலே ஓர் இலக்கத்தைப் பார்த்து அதை அவனுக்குச் சத்தமாக வாசித்துச் சொல்வதில் எனக்கிருந்த ருசி அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது?

பெடியன் முகம் சுளிக்கவில்லை. "திரும்பப் பாப்பம் பெரியப்பா" என்று போய்க் குனிவான். இலக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. அது இறங்க இறங்க என் சாப்பாடு இறங்க மறுத்தது. பங்குனி பிறந்த பிறகு ஒரு காலை, மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தால் நாலரைக்குக் கீழே நிற்கிறது. மயிரிழைதான், ஆனால் கீழே. வேறு ஓர் இலக்கத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய் உன்னியது உண்மை. ஆனால் தராசில் ஒரு நாளும் கை வைக்காமல் மூன்று கடை எழுப்பியவன் நான். உள்ள இலக்கத்தைச் சொன்னேன். அவன் துள்ளிக் குதித்துக் கத்தினான். நாயோடு நடந்த வெள்ளைக்காரக் கிழவி திடுக்கிட்டு நின்றாள்.

சோதனை நாள் வந்தது. பெடியனின் தாய் "எனக்குப் பார்க்கேலாது" என்று கோயிலுக்குப் போய்விட்டாள். சகலனுக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை, கார் ஓட்ட முடியாது. ஆகவே நான் ஓட்டினேன். உண்மையில் யார் மறித்தாலும் போயிருப்பேன். அவன் விழுந்தால் அதைக் கண்ணால் பார்த்தவன் நானாக இருக்க வேண்டும்.

பெரிய கூரைக்குக் கீழே செயற்கைப் புல், நாங்கள் மேலே பார்வையாளர் படிவரிசையில். தொப்பி போட்ட அமெரிக்கர்கள் கையில் கொம்பியூட்டர் பலகையோடு வரிசையாக இருந்தார்கள். பிள்ளைகளின் எடை, உயரம், கையின் நீளம், உள்ளங்கை அகலம்கூட அளந்தார்கள். நான் சரக்கு எடுக்கும்போதுகூட இப்படிப் பார்த்ததில்லை. ஓடுகிற இடத்தில் மணிக்கூடு பிடிக்க ஒருவரும் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மின்கண் வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டம்.

முதல் ஓட்டம். சுவரில் இருந்த மின்பலகையில் இலக்கம் விழுந்தது. நாலரைக்கு மேலே. சொற்பம்தான், ஆனால் மேலே. தொப்பிக்காரர்கள் அடுத்த பெடியனைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள்.

என் வயிற்றில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. மறைக்க மாட்டேன், சந்தோசம்தான்.

சகலன் எழும்பி நின்று, "மெஷின் பிழை! அண்ணை, மெஷின் பிழை! அவன் இதைவிட எவ்வளவோ கெதியா ஓடுவான், நான் அமத்தினனான்!" என்று அழுகிற குரலில் சொன்னார். அந்தச் சத்தம் கீழேயும் கேட்டிருக்கும். பெடியன் எங்களை நிமிர்ந்து பார்த்தான். தகப்பனைத் தாண்டி அவன் கண் என்னிடம் வந்து நின்றது. என்ன கேட்கிறான் என்று விளங்கியது. மெஷின் பிழையா, சரியா?

சரி. என் பெருவிரலும் அதைத்தான் சொல்லியிருக்கும். மெஷின் சரி என்று தலையை ஆட்டினேன். அவனும் ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு, கோபமோ அழுகையோ இல்லாமல் நடந்துபோய் வரிசையில் நின்றான்.

இரண்டாவது முறை அவன் குனிந்தபோது என் பெருவிரல் வெறுங்கையில் மடிந்து நின்றது. கை அசைந்தது, அமத்தினேன். மார்பு கோட்டைக் கடந்தது, திரும்ப அமத்தினேன். பலகையைப் பார்க்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலரைக்குக் கீழே.

தொப்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குனிந்து எழுதின. சகலன் என்னைக் கட்டிப்பிடித்து அழுது என் கோட்டுத் தோளை நனைத்தார். நான் அவருடைய முதுகில் தட்டிக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் பழைய எரிச்சலும் புதிதாக வேறு என்னவோ ஒன்றும் இடம் பிடிக்கச் சண்டை போட்டன.

பிறகு கார் நிறுத்துமிடத்தில், சகலன் போனில் கனடாவுக்குக் கத்திக்கொண்டிருந்த நேரம், பெடியன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"தாங்க்ஸ் பெரியப்பா."

"நான் என்னடா செய்தனான்? மணிக்கூட்டை அமத்தினன்."

"அதுதான். அப்பா லவ்வில அமத்துவார், எப்பவும் ஃபாஸ்ட்டாத்தான் வரும். அதை நம்பியிருந்தால் இண்டைக்கு முடிஞ்சிருப்பன். உங்களுக்கு என்னைப் பிடிக்காது, சோ உங்கட டைம்தான் ரியல் டைம்."

"ஆரடா சொன்னது எனக்கு உன்னைப் பிடிக்காதெண்டு?"

"கம் ஓன் பெரியப்பா!" என்று சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு. பிறகு அந்தப் பெரிய கையால் என் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுக் காருக்குள் ஏறினான். இத்தனை வருடம் ஒருவருக்கும் தெரியாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, அவன் கண்டுபிடித்து, வேலைக்கும் வைத்திருக்கிறான்!

தெரிவு நாளில் அவனுடைய பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் அது முடிந்த கையோடு ஓர் அணிக்காரர் போன் எடுத்து, பயிற்சிக்கு வா, பார்ப்போம் என்றார்கள். போயிருக்கிறான். அங்கே நிலைப்பானா, திரும்புவானா, இன்னும் தெரியாது.

இன்றைக்கும் யாராவது அவனைப் புகழ்ந்தால் எனக்கு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் அன்பானவர்கள் அத்தனை பேர் சுற்றி நிற்க, தன் வாழ்க்கையை அளக்கச் சொல்லி அந்தப் பிள்ளை என் பொறாமையின் கையில் கொடுத்தானே, என் எரிச்சல்கூடப் பொய் சொல்லாது என்று எனக்கு முன்னே அவன் கண்டுகொண்டானே என்று நினைக்கும்போது, வாழ்க்கையில் நான் சம்பாதித்த மரியாதைகளுக்குள் இதுதான் பெரிது என்று தோன்றுகிறது.