நிறுத்தி வைத்த முகவரிகள்

கல்லூரிக் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அவரை எல்லோரும் 'சர்வர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டலில் வைத்து அப்படிக் கூப்பிட்டால் கூடவே இன்னொருவரும் திரும்பிப் பார்ப்பார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய அக்கா மகனுக்குத் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். அதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பேசிக்கொள்ள, அக்கா கேட்டதற்காக, கல்லூரியின் பழைய கணினியொன்றில் மின்னஞ்சல் குழு ஒன்றை அமைத்துக் கொடுத்தார். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். எந்த மருத்துவர் பொறுமையாகப் பேசுவார், சக்கர நாற்காலியை எங்கே பழுது பார்க்கலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பையன் இறந்துபோன பிறகு, குழுவிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டாம், கடிதம் மட்டும் வராமல் செய்துவிடு என்று அக்கா சொன்னாள். அப்படிக் கேட்டவர்கள் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் நிரம்பிப்போய், குழுவின் அமைப்புக் கோப்பு எழுதப்படும்போதே பாதியில் அறுந்துவிட்டது. முகவரிகளும் அவரவர் விருப்பங்களும் அதில்தான் இருந்தன. காப்பு நகலைத் திறந்தால், கெட்டுப்போன கோப்பையே அதுவும் நகலெடுத்து வைத்திருந்தது. குழு ஊமையானது. விடுமுறை நாளில் தனியாக உட்கார்ந்து, அந்தக் குப்பைக்குள் எழுத்தாகப் படிக்க முடிந்ததையெல்லாம் உருவி எடுத்தார். ஒட்டிக்கிடந்த முகவரிகளைப் பிரித்தார். வால் அறுந்தவற்றைப் பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார். மாலைக்குள் குழு ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் எழுதினார்: 'குழு மீண்டும் இயங்குகிறது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?'

முதலில் வந்த பதில்: 'எங்கள் மகள் இல்லை. உங்களுக்குத் தெரியுமே.'

அப்போதுதான் உறைத்தது. முகவரிகள் பிழைத்துவிட்டன. யார் யார் கடிதத்தை நிறுத்தச் சொன்னவர்கள் என்ற குறிப்பு, அறுந்துபோன பாதியோடு போய்விட்டது.

அக்கா போனை எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு திறந்தே கிடந்தது. அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியாம நடந்துடுச்சுக்கா."

"பதில் எழுத ஆரம்பிச்சுட்டேன்டா" என்றாள். "மூச்சு மிஷினை மாத்தினோம், இப்ப நல்லா தூங்கறான்னு எழுதிட்டேன். அப்புறம்தான் கை நின்னுச்சு."

அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாருக்கெல்லாம் அனுப்பக் கூடாது என்று அவளே ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். அவளுக்குத் தெரியாத வீடுகளும் இருந்தன. அவர்களிடம் என்னவென்று கேட்பது? மன்னிப்புக் கேட்டு எழுதினாலும் அது அதே வாசலில்தான் போய் நிற்கும்.

"உன் பேரை என்னக்கா பண்ணட்டும்?"

"எடுத்துடு."

எடுத்துவிட்டார். குழு இன்றும் ஓடுகிறது. பதிலே வராத சில முகவரிகளுக்கும் கடிதங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் வீட்டுக் கணினியில் எது மக்கர் செய்தாலும் இப்போது தெருமுனை ரிப்பேர் கடைக்காரரைத்தான் கூப்பிடுகிறாள்.