ஒன்றோடு நின்ற விமானம்

கனடாவில், மிசிசாகாவில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரருக்கு ஒரு பழைய விமானத்தின் மேல் பைத்தியம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பறக்கப் பழக்குவதற்காக ஒரு காலத்தில் ஒன்றே ஒன்று செய்து காட்டினார்களாம். ராணுவம் வேண்டாம் என்றுவிட்டதாம். அதே மாதிரி ஒன்றை அவரும் கூட்டாளிகளும் சனி ஞாயிறுகளில் செய்து முடித்திருந்தார்கள். எவ்வளவு நல்ல விமானம், அநியாயமாகக் கைவிட்டார்களே என்று சாப்பாட்டு நேரமெல்லாம் புலம்புவார். செத்த வீட்டில்கூட யாரும் இப்படிப் புலம்பி நான் கேட்டதில்லை.

எஞ்சினை முதன்முதலாக ஓடவிடும் நாளுக்கு என்னையும் மனைவியையும் அழைத்தார். ஊரில் சின்ன வகுப்பு ரீச்சராக இருந்த மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு மேலே ஓயாமல் ஜெட் போகும். அதற்கு அவள் பழகிவிட்டாள். அந்தத் தைரியத்தில் போனோம்.

காற்றாடி சுழன்று அந்தத் தடதடப்பு எழுந்ததுதான் தாமதம், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் பிள்ளையை இழுத்துக்கொண்டு அவள் புல்லில் குப்புற விழுந்தாள். பிள்ளையைத் தன் உடம்பால் மூடியிருந்தாள். கழுத்துச் சால்வையின் நுனியைப் பல்லுக்கிடையில் கடித்திருந்தாள். குண்டு விழும்போது காது அடித்துப்போகாமலிருக்க ஊரில் எல்லோரும் செய்வது அது. தாய் ஓடிவந்து, பிள்ளைபிடிகாரியிடமிருந்து மீட்பதுபோலப் பிள்ளையைப் பறித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. தன்னைப் பாராமல் உங்கள் பிள்ளையை மூடியவளைப் பார்த்தா சிரிக்கிறீர்கள் என்று கத்த வாயெடுத்தேன்.

வெள்ளைக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். நல்ல மனிதர்தான். “பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இது வெறும் பயிற்சி விமானம்” என்றார்.

வெறும். அந்தச் சொல்தான் என்னை இன்னும் எரித்தது. ஆனாலும் மனைவியிடம் சொன்னேன்.

அவள் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “எங்கடை பள்ளிக்கூடத்துக்கு மேலை வந்ததும் பழக்கிற பிளேன்தான். அதிலைதான் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவங்கள்.”

ஒன்றோடு நிறுத்திய கதையை வரும் வழியில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அந்த விமானத்தைப் பார்த்துக் கேட்டாள். “உந்தப் பிளேனை ஏன் பிறகு செய்யேல்லை?”

“ஆமிக்காரர் வேண்டாமெண்டிட்டினம். அந்தக் கவலைதான் உந்த மனுசனுக்கு.”

“அப்ப உது ஒருத்தரையும் கொல்லேல்லை. அதுக்கேன் அழுறார்?”

என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்காரர் கேட்டார். ஒரு சொல்லையும் விடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி, இங்கிலீசில் சொன்னேன்.